ஜென்கின்ஸில் கிட் அடையாளச் சரிபார்ப்புச் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; அங்கிருந்து நிரலை எடுத்துத் தானாகவே கட்டிச் சோதிக்கும் சர்வர் ஜென்கின்ஸ். அப்படி ஒருமுறை ஓடுவது ஒரு பில்டு. பில்டு தோற்றுவிட்டது என்று ஜென்கின்ஸ் பராமரிப்பாளரிடம் வருபவர்களில் பலர், நிரலின் ஒரு வரிகூட ஓடுவதற்கு முன்பே கிட் சர்வரின் வாசலில் நிறுத்தப்பட்டவர்களாக இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன. பிழைச் செய்திகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் பார்க்கும்போது அடையாளம் கண்டுகொள்வது கடினமாக இருக்காது.

1. என் லேப்டாப்பில் கிட் குளோன் (நிரல் கிடங்கை நகலெடுப்பது) பிரச்சினை இல்லாமல் ஆகிறது. அதே முகவரியை ஜென்கின்ஸில் கொடுத்தால் மட்டும் ஏன் மறுக்கிறது?

லேப்டாப்பில் கிட் சர்வரிடம் பேசுவது நீங்கள்; ஜென்கின்ஸில் பேசுவது வேறொரு பயனர். டெபியன் அல்லது ரெட்ஹேட் வகை லினக்ஸில் தொகுப்பாக நிறுவும்போது ‘ஜென்கின்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிஸ்டம் பயனர் உருவாகிறார். அவருடைய முகப்பு அடைவு /வார்/லிப்/ஜென்கின்ஸ். அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் அதே பெயருள்ள பயனர் 1000 என்ற பயனர் எண்ணோடு, /வார்/ஜென்கின்ஸ்_ஹோம் என்ற அடைவில் இயங்குகிறார். விண்டோஸில் லோக்கல் சிஸ்டம் கணக்கில் சர்வீஸாக ஓடினால், முகப்பு அடைவு சிஸ்டம்32க்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும். உங்கள் முகப்பு அடைவில் உள்ள எஸ்எஸ்எச் சாவியும் (தனிச்சாவி, பொதுச்சாவி என்ற இணையால் அடையாளம் காட்டுவது), லேப்டாப் நினைவில் வைத்திருக்கும் டோக்கனும் (கடவுச்சொல்லுக்குப் பதில் காட்டும் ரகசியச் சரம்) இவர்களில் யாருக்கும் தெரியாது.

சர்வருக்குள் ரூட் பயனராக நுழைந்து குளோன் செய்து பார்த்து, ‘இங்கே ஆகிறதே’ என்று சொல்பவர்களும் உண்டு. அந்தச் சோதனையால் ரூட்டுக்கு அனுமதி இருக்கிறது என்பது மட்டுமே தெரியவரும். எந்தப் பிழையைப் பார்த்தாலும், கிட் சர்வரிடம் பேசுவது யார், எந்தக் கணினியிலிருந்து, எந்தச் சாவியையோ டோக்கனையோ காட்டிப் பேசுகிறார் என்ற மூன்றையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் திரும்புகின்றன.

2. ரெப்போ (நிரல் கிடங்கு) முகவரியைப் போட்டதுமே சிவப்பு எழுத்தில் நீளமாக ஒரு பிழை வருகிறது. அதில் எதைப் படிக்க வேண்டும்?

முகவரியை உள்ளிட்டவுடன், ஜென்கின்ஸை கிட்டோடு இணைக்கும் துணைநிரலான கிட் பிளகின் ‘எல்எஸ்-ரிமோட்’ என்ற கட்டளையை ஓட்டிப் பார்க்கிறது. ரெப்போவை நகலெடுக்காமல், அதிலுள்ள கிளைகளின் பெயர்களை மட்டும் கேட்கும் கட்டளை அது. தோற்றால் ‘ஃபெயில்டு டு கனெக்ட் டு ரெபாசிட்டரி’ என்று தொடங்கி, முழுக் கட்டளையையும் 128 என்ற நிலை எண்ணையும் காட்டும். இந்த 128க்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை; கிட் பெரும்பாலான கடும் பிழைகளுக்கு இதே எண்ணைத்தான் தருகிறது. எனவே ‘128 பிழைக்கு என்ன தீர்வு’ என்று தேடுவது வீண்.

படிக்க வேண்டியது ‘எஸ்டிடிஎர்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் வரிகளை. அங்கே ‘பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ’ என்றிருந்தால் எஸ்எஸ்எச் சாவி ஏற்கப்படவில்லை. ‘ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்றால் எதிர்முனையில் இருக்கும் சர்வரை நம் பக்கம் நம்பவில்லை. ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்றால் எச்டிடிபிஎஸ் வழியே தந்த டோக்கனோ கடவுச்சொல்லோ தவறு. ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ அல்லது ‘குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்’ என்றிருந்தால் அடையாளச் சரிபார்ப்பு வரை பேச்சு போகவே இல்லை. அப்போது சாவியை மாற்றிப் பயனில்லை. ஃபயர்வாலையும் டிஎன்எஸ்ஸையும் கவனிப்பவர்களிடம் போக வேண்டும்.

எஸ்எஸ்எச் பிழைகளின் கடைசியில் வரும் ‘சரியான அணுகல் உரிமை உள்ளதா, ரெப்போ இருக்கிறதா என்று பாருங்கள்’ என்ற பொருளுள்ள வாக்கியம் எல்லாத் தோல்விக்கும் பொதுவானது. அதை நம்பி ரெப்போவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவர்கள் அதற்கு மேலே உள்ள வரியைத் தவறவிடுகிறார்கள்.

3. கிரெடென்ஷியல் சேர்த்துவிட்டேன். ஆனால் ஜாப்பில் அந்தப் பட்டியலில் வரவே இல்லையே?

கிரெடென்ஷியல் என்பது ஜென்கின்ஸில் சேமித்த சாவியோ டோக்கனோ கடவுச்சொல்லோ; ஜாப் என்பது ஜென்கின்ஸுக்குத் தந்த ஒரு வேலை. பட்டியலில் வராததற்குப் பெரும்பாலும் வகைதான் காரணம். கிட் பிளகினின் பட்டியலில் ‘யூசர்நேம் வித் பாஸ்வேர்டு’, ‘எஸ்எஸ்எச் யூசர்நேம் வித் பிரைவேட் கீ’ போன்ற பயனர்பெயர் உள்ள வகைகளே தோன்றும். டோக்கன் ஒரு ரகசியச் சரம்தானே என்று எண்ணி ‘சீக்ரெட் டெக்ஸ்ட்’ வகையில் சேமித்தால் அது அங்கே வராது.

வகை சரியாக இருந்தால் ஸ்கோப்பை, அதாவது அது எங்கெல்லாம் பயன்படலாம் என்ற வரம்பைப் பாருங்கள். ‘சிஸ்டம்’ என்று வைத்தவை ஏஜென்ட் (பில்டு ஓடும் துணைக் கணினி) இணைப்பு, மின்னஞ்சல் போன்ற ஜென்கின்ஸின் உள் வேலைகளுக்கு மட்டுமே. ஜாப்களுக்கு ‘குளோபல்’ தேவை. ஒரு ஃபோல்டருக்குள் சேமித்த கிரெடென்ஷியல் அந்த ஃபோல்டருக்கு வெளியே உள்ள ஜாப்புக்குத் தெரியாது. பைப்லைனில் (படிகளை நிரலாக எழுதும் ஜாப்) ஐடியைக் கையால் எழுதியிருந்தால் இந்தத் தவறுகள் பட்டியலில் தெரியாது. கன்சோல் பதிவில் ‘கிரெடென்ஷியல்ஐடி குட் நாட் பி ஃபவுண்ட்’ என்ற எச்சரிக்கை மட்டும் ஓரமாக வரும். அதன்பிறகு ஜென்கின்ஸ் எந்தச் சான்றும் இல்லாமலே முயல்வதால், பிழை வேறு ஏதோ போலத் தோன்றும்.

4. கடவுச்சொல் சரிதான், பிரவுசரில் உள்ளே போகிறேன். கிட்ஹப் ஏன் ஜென்கின்ஸை மட்டும் விடவில்லை?

2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப், கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை.  பிட்பக்கெட் கிளவுட் 2022 மார்ச் 1 முதல் அதையே செய்தது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக அங்கே பயன்பட்ட ஆப் பாஸ்வேர்டுகளையும் 2025 செப்டம்பர் 9 முதல் புதிதாக உருவாக்க முடியாது. இப்போது ஏபிஐ டோக்கன்தான் வழி.

டோக்கனை ‘யூசர்நேம் வித் பாஸ்வேர்டு’ வகையில், கடவுச்சொல் இருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். கிட்ஹப்பின் தனிநபர் டோக்கனுக்குப் பயனர்பெயர் பெரிதாகப் பொருட்டில்லை என்றாலும், உண்மையான கணக்குப் பெயரையே எழுதிவைப்பது பிறகு தேடுபவருக்கு உதவும். டோக்கனை ரெப்போ முகவரிக்குள் நுழைத்து எழுதும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஜாப்பின் அமைப்பிலும் வொர்க்ஸ்பேஸின் (பில்டு ஓடும் அடைவு) கிட் கான்ஃபிக் கோப்பிலும் அது அப்படியே படிக்கும்படி தங்கிவிடும்.

5. எஸ்எஸ்எச், எச்டிடிபிஎஸ் இரண்டில் எது நல்லது?

ஒன்றிரண்டு ரெப்போ, படிக்க மட்டும் அனுமதி என்றால் எஸ்எஸ்எச் டிப்ளாய் கீ (கணக்கில் சேர்க்காமல் ரெப்போவிலேயே சேர்க்கும் சாவி) போதும். ரெப்போக்கள் பல என்றால் எச்டிடிபிஎஸ் எளிது; ஃபயர்வாலும் வழக்கமாக 443ஆம் போர்ட்டைத் தடுப்பதில்லை. எதைத் தேர்ந்தாலும் முகவரியும் கிரெடென்ஷியல் வகையும் பொருந்த வேண்டும். எச்டிடிபிஎஸ் முகவரியைக் கொடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சாவியைத் தேர்ந்தெடுப்பது நான் அடிக்கடி பார்க்கும் பொருத்தமின்மை. அந்தச் சாவியை கிட் தொட்டுக்கூடப் பார்க்காது.

6. ‘பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ’ வருகிறது. பொதுச்சாவியை கிட்ஹப்பில் சேர்த்துத்தானே இருக்கிறேன்?

கிரெடென்ஷியலில் உள்ள பயனர்பெயரை முதலில் பாருங்கள். கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட் மூன்றிலும் எஸ்எஸ்எச் வழியே வரும் எல்லோருக்கும் பயனர்பெயர் ‘கிட்’ என்ற ஒரே சொல்தான். யார் என்பதைச் சாவியை வைத்தே அவை கண்டுகொள்கின்றன. அங்கே உங்கள் கணக்குப் பெயரை எழுதியிருந்தால் சரியான சாவியும் மறுக்கப்படும்.

அடுத்தது, ஒட்டிய தனிச்சாவி. பிகின், எண்டு என்ற முதல் வரியும் கடைசி வரியும் உட்பட முழுவதும் இருக்க வேண்டும். விண்டோஸில் பயன்படும் ‘பட்டி’ என்ற எஸ்எஸ்எச் மென்பொருள் உருவாக்கும் பிபிகே கோப்பு இங்கே செல்லாது. அதை ஓப்பன்எஸ்எஸ்எச் வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். பதிவில் ‘இன்வாலிட் ஃபார்மட்’ அல்லது ‘எரர் இன் லிப்கிரிப்டோ’ என்று தெரிந்தால், நகலெடுக்கும்போது வரி முறிவு கெட்டிருக்கிறது அல்லது தனிச்சாவிக்குப் பதில் வேறு எதையோ ஒட்டியிருக்கிறீர்கள். சாவிக்குப் பாஸ்ஃபிரேஸ் இருந்தால் அதையும் கிரெடென்ஷியலில் எழுத வேண்டும்.

இவ்வளவும் சரியென்றால், அதே சாவிக் கோப்பைச் சுட்டி, ஐடென்டிட்டீஸ்ஒன்லி என்ற விருப்பத்தையும் சேர்த்து, ‘கிட்’ பயனராக கிட்ஹப்புக்கு எஸ்எஸ்எச் இணைப்பு கொடுத்துப் பாருங்கள். அந்த விருப்பம் இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டில் (சாவிகளை நினைவில் வைத்திருக்கும் நிரல்) ஏற்றப்பட்ட வேறொரு சாவி முந்திக்கொண்டு சோதனையைக் கெடுத்துவிடும். வெற்றி என்றால் ‘ஹாய்’ என்று ஒரு பெயரைச் சொல்லி, ஷெல் வசதி தருவதில்லை என்று கூறி இணைப்பை முடிக்கும். அந்தப் பெயரைக் கவனியுங்கள். கணக்கின் பெயர் வந்தால் அது கணக்கில் சேர்த்த சாவி. நிறுவனமும் ரெப்போவும் சாய்கோட்டோடு வந்தால் அது டிப்ளாய் கீ. எதிர்பாராத பெயர் வந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

7. ஜென்கின்ஸ் பயனரின் .எஸ்எஸ்எச் அடைவில் சாவியை வைத்தேன். கட்டளை வரியில் ஆகிறது, ஜாப்பில் ஆகவில்லை. ஏன்?

அவை இரண்டும் வேறு வேறு சாவிகள். ஜாப்பில் கிரெடென்ஷியல் தேர்ந்தெடுத்திருந்தால், ஜென்கின்ஸ் தன் சேமிப்பிலுள்ள சாவியை ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதி, அதைக் காட்டச் சொல்லி கிட்டை இயக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறது. எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால்தான் பயனரின் .எஸ்எஸ்எச் அடைவு பயன்படுகிறது. கன்சோல் பதிவின் தொடக்கத்தில் ‘யூசிங் கிரெடென்ஷியல்’ என்று ஒரு ஐடியோ, ‘நோ கிரெடென்ஷியல்ஸ் ஸ்பெசிஃபைடு’ என்றோ இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்தால் எந்தச் சாவியை ஆராய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

8. ‘ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்டு’ என்கிறது. சாவியை மூன்று முறை மாற்றியும் போகவில்லை.

எத்தனை முறை மாற்றினாலும் போகாது, ஏனென்றால் உங்கள் சாவியை இன்னும் யாரும் கேட்கவில்லை. எஸ்எஸ்எச் இணைப்பில் முதலில் சர்வர்தான் தன் அடையாளத்தைக் காட்டுகிறது. அதை ‘நோன் ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பில் உள்ள பதிவோடு நம் பக்கம் ஒப்பிடுகிறது. பதிவே இல்லையென்றால், மனிதர் உட்கார்ந்திருக்கும் டெர்மினலில் ஆம், இல்லை என்று கேட்கும்; ஜென்கின்ஸில் கேட்க ஆள் இல்லாததால் தோற்றுவிடும்.

2022இல் கிட் கிளையன்ட் பிளகினில் இதற்கென ஓர் அமைப்பு வந்தது. மேனேஜ் ஜென்கின்ஸ் பக்கத்தின் செக்யூரிட்டி பகுதியில் இருக்கிறது. நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பது, முதல் இணைப்பை ஏற்பது, கையால் தந்த சாவிகளை மட்டும் ஏற்பது, சரிபார்க்கவே வேண்டாம் என்பது ஆகிய நான்கு வழிகள் அதில் உண்டு. இயல்பாக முதலாவது இருக்கும். பிளகினைப் புதுப்பித்த மறுநாள் எல்லா ஜாப்களும் இந்தப் பிழையோடு நின்றதற்கு இதுவே காரணம்.

என் பரிந்துரை, கையால் சாவிகளைத் தருவது. கிட் சேவை நிறுவனம் தன் ஆவணப் பக்கத்தில் வெளியிட்டுள்ள ஹோஸ்ட் கீ வரிகளை அப்படியே ஒட்டினால், எல்லா ஏஜென்ட்களுக்கும் அதுவே பயன்படும். முதல் இணைப்பை ஏற்கும் வழி நிலையான கணினிகளில் பரவாயில்லை. ஒவ்வொரு பில்டுக்கும் புதிதாகப் பிறக்கும் கன்டெய்னர் ஏஜென்ட்டில் எல்லா இணைப்பும் முதல் இணைப்புத்தான் என்பதால், அங்கே அது சரிபார்க்காமல் விடுவதற்குச் சமம். நான்காவது வழியைச் சோதனைக்காகத் திறந்தவர்களில் திரும்ப மூடியவர்கள் குறைவு.

9. ரிமோட் ஹோஸ்ட்டின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வருகிறது. யாராவது ஊடுருவிவிட்டார்களா?

இருக்கலாம், சேவை நிறுவனமே சாவியை மாற்றியும் இருக்கலாம். 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியது. அதன் தனிச்சாவி ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதே காரணம். அன்று உலகெங்கும் பில்டு சர்வர்கள் இந்த எச்சரிக்கையோடு நின்றன. ஈடி25519, இசிடிஎஸ்ஏ என்ற மற்ற வகைச் சாவிகள் மாறாததால், அவற்றைப் பதிந்து வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை.

எச்சரிக்கையில் உள்ள கைரேகை எண்ணை, நிறுவனம் வெளியிட்டதோடு பிரவுசர் வழியே ஒப்பிடுங்கள். பொருந்தினால் பழைய வரியை நீக்கிப் புதியதைச் சேருங்கள். எச்சரிக்கை கேட்டுக்கொண்டதற்காக ஒப்பிடாமல் நீக்குவது, அந்தக் கோப்பு இருப்பதன் பயனையே இல்லாமலாக்கிவிடும்.

10. யாரும் எதையும் தொடவில்லை. நேற்று வரை ஓடிய டோக்கன் இன்று ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்டு’ என்கிறது.

காலாவதி தேதியைப் பாருங்கள். கிட்லேப் 2023 மே மாதம் வெளியிட்ட 16.0 பதிப்பிலிருந்து காலாவதி இல்லாத அணுகல் டோக்கன்களைக் கைவிட்டது. ஏற்கெனவே இருந்தவற்றுக்கு ஓராண்டுக் கெடு தானாகவே இடப்பட்டது. 2024 மே மாதத்தில் பல பில்டுகள் காரணம் தெரியாமல் நின்றது அதனால்தான். கிட்ஹப், ஓராண்டு முழுவதும் பயன்படுத்தப்படாத தனிநபர் டோக்கனை நீக்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஜாப்கள் இதில் அகப்படும்.

காலாவதி இல்லையென்றால், டோக்கன் யாருடையது என்று கேளுங்கள். வேலையை விட்டுப் போனவருடைய கணக்கை நிர்வாகம் மூடிய அன்று, அவர் பெயரில் ஓடிய ஜாப்கள் அத்தனையும் நிற்கும். பில்டு சர்வருக்கென்று தனிக் கணக்கோ, கேள்வி 19இல் சொல்லும் ஆப் வழியோ இருப்பது இதற்காகத்தான்.

11. ‘ரெபாசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்கிறது. ரெப்போ என் கண் முன்னே திறந்து இருக்கிறதே?

உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது; ஜென்கின்ஸ் காட்டிய டோக்கனுக்குத் தெரியவில்லை. அனுமதி இல்லாதவரிடம் ‘அனுமதி இல்லை’ என்று சொன்னால் அப்படியொரு தனியார் ரெப்போ இருப்பதே வெளிப்பட்டுவிடும் என்பதால், கிட்ஹப் ‘இல்லை’ என்றே பதில் சொல்கிறது. முகவரியில் எழுத்துப் பிழை இல்லையென்றால் இதை அனுமதிச் சிக்கலாகவே நடத்துங்கள்.

பழைய வகை டோக்கனுக்கு ‘ரெப்போ’ என்ற ஸ்கோப் தேவை. நுண்ணனுமதி கொண்ட புதிய வகை டோக்கனில், எந்த ரெப்போக்கள் என்று தேர்ந்தெடுத்து, ‘கன்டென்ட்ஸ்’ என்பதைப் படிக்கும் அனுமதி தர வேண்டும். நிறுவன நிர்வாகி ஒப்புதல் அளிக்கும் வரை அது செயல்படாமல் காத்திருக்கவும் கூடும். நிறுவனத்தில் ஒற்றை உள்நுழைவு கட்டாயமாக இருந்தால், பழைய வகை டோக்கனை உருவாக்கிய பிறகு அந்த நிறுவனத்துக்கென்று தனியாக அங்கீகரிக்க வேண்டும். எல்லா ஸ்கோப்பும் கொடுத்தும் நடக்கவில்லை என்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்தப் பொத்தானைத்தான்.

12. ஒரே டிப்ளாய் கீயை இரண்டு ரெப்போவில் சேர்க்கப் பார்த்தால் ‘கீ இஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்கிறதே?

கிட்ஹப்பில் ஒரு டிப்ளாய் கீ ஒரு ரெப்போவுக்கு மட்டுமே. ரெப்போ ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவியும் ஜென்கின்ஸில் தனிக் கிரெடென்ஷியலும் வைக்கலாம். ஐந்தாறைத் தாண்டினால் அது பராமரிக்க முடியாத சுமையாகிவிடும். அப்போது தனிக் கணக்கோ ஆப்போ மேல். டிப்ளாய் கீ இயல்பாகப் படிக்க மட்டுமே. பில்டு டேக் எழுத வேண்டுமென்றால் எழுதும் அனுமதியைச் சேர்க்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும்.

13. ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்த பிறகு, பல வருடமாக ஓடிய ஆர்எஸ்ஏ சாவி நின்றுவிட்டது. சாவி பழசாகிவிட்டதா?

சாவி அப்படியே இருக்கிறது. அதைக் கொண்டு கையொப்பமிடும் முறை பழசாகிவிட்டது. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, எஸ்எச்ஏ-1 வழியிலான ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக நிறுத்திவிட்டது. உங்கள் பக்கம் புதியதாகி, நிறுவனத்துக்குள் ஓடும் கிட் சர்வர் பழையதாக இருந்தால், இரண்டுக்கும் பொதுவான முறை இல்லாமல் போகிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2021 நவம்பர் 2க்குப் பிறகு சேர்த்த ஆர்எஸ்ஏ சாவிகளுக்கு கிட்ஹப் எஸ்எச்ஏ-2 கையொப்பத்தையே ஏற்பதால், பழைய கிளையன்ட் உள்ள ஏஜென்ட் அங்கே தோற்கும். ஈடி25519 சாவிக்கு மாறுவது இரு பக்கச் சிக்கலுக்கும் தீர்வு, எதிர்முனை அதை ஏற்கும் அளவுக்குப் புதியதாக இருந்தால்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்றும் உண்டு. 2018இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.8 முதல் தனிச்சாவிக் கோப்பின் வடிவம் மாறியது. மிகப் பழைய ஜென்கின்ஸ் பிளகின்கள் அதைப் படிக்கத் திணறும். பிளகினைப் புதுப்பிப்பதே சரி; முடியாதபோது எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்கு பிஇஎம் வடிவம் வேண்டும் என்று சொல்லி ஆர்எஸ்ஏ சாவியை உருவாக்கலாம்.

14. ஜென்கின்ஸ்ஃபைலைப் படித்துவிடுகிறது. பிறகு செக்கவுட் செய்யும் இடத்தில் தோற்கிறது. ஒரே ரெப்போ, ஒரே கிரெடென்ஷியல். இது எப்படி?

ஜென்கின்ஸ்ஃபைல் என்பது பைப்லைனின் படிகளை எழுதிய கோப்பு; செக்கவுட் என்பது ரெப்போவின் கோப்புகளை வொர்க்ஸ்பேஸுக்கு எடுப்பது. இரண்டும் ஒரே கணினியில் நடப்பதில்லை. கிளைகளைத் தேடுவதும் ஜென்கின்ஸ்ஃபைலைப் படிப்பதும் ஜென்கின்ஸின் மையக் கணினியான கன்ட்ரோலரில் நடக்கின்றன. செக்கவுட் ஏஜென்ட்டில் நடக்கிறது. கிரெடென்ஷியலை ஜென்கின்ஸ் தானே ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிடும். நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பு, கிட் பதிப்பு, ப்ராக்ஸி அமைப்பு, நம்பகச் சான்றிதழ்கள், வெளியே செல்லும் நெட்வொர்க் வழி ஆகியவை ஏஜென்ட்டுக்குச் சொந்தமானவை.

எனவே சோதனையையும் அந்த ஏஜென்ட்டிலேயே, அதன் பயனராகவே செய்யுங்கள். பல ஏஜென்ட்கள் ஒரே லேபிளில் இருக்கும்போது சில பில்டுகள் மட்டும் தோற்றால், தோற்றவை எந்த ஏஜென்ட்டில் ஓடின என்று பார்த்தாலே வழக்கமாக ஒரு கணினியின் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

15. செக்கவுட் ஆகிவிடுகிறது. பைப்லைனுக்குள் கிட் புஷ் (மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்புவது) கொடுத்தால் பயனர்பெயரைப் படிக்க முடியவில்லை என்கிறதே?

செக்கவுட்டுக்காகத் தந்த கிரெடென்ஷியல் அந்த ஒரு படிக்கு மட்டுமே. கேள்வி 7இல் சொன்ன தற்காலிகக் கோப்பு அத்தோடு போய்விட்டது. பின்னர் ஷெல்லில் நீங்கள் எழுதும் கிட் கட்டளை எந்தச் சான்றும் இல்லாமல் தனியே நிற்கிறது. எச்டிடிபிஎஸ் என்றால் ‘வித்கிரெடென்ஷியல்ஸ்’ படிக்குள் ‘கிட்யூசர்நேம்பாஸ்வேர்டு’ என்ற பைண்டிங்கைப் பயன்படுத்துங்கள். எஸ்எஸ்எச் என்றால் எஸ்எஸ்எச் ஏஜென்ட் பிளகினின் படிக்குள் புஷ் கட்டளையை வையுங்கள்.

பலர் கடவுச்சொல் மாறியை முகவரிக்குள் கோத்துப் புஷ் செய்கிறார்கள். அதில் ‘அட்’ குறியோ சாய்கோடோ இருந்தால் முகவரி உடைந்துவிடும். அதைவிட மோசமானது, அந்த வரியை இரட்டை மேற்கோளில் எழுதுவது. அப்போது ஷெல்லுக்குப் போகும் முன்பே, பைப்லைன் எழுதப்படும் மொழியான குரூவி ரகசியத்தை வரிக்குள் நிரப்பிவிடுகிறது. ஜென்கின்ஸ் இதை எச்சரிக்கும். ஒற்றை மேற்கோளில் எழுதினால் மாறியை ஷெல்லே விரித்துக்கொள்ளும்.

16. முதன்மை ரெப்போ வருகிறது, சப்மாட்யூல் மட்டும் மறுக்கப்படுகிறது.

ஒரு ரெப்போவுக்குள் இணைக்கப்பட்ட இன்னொரு ரெப்போதான் சப்மாட்யூல். அதன் அமைப்பில், தாய் ரெப்போவின் கிரெடென்ஷியலையே பயன்படுத்து என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் இரண்டும் ஒரே நெறிமுறையில் இருந்தால்தான் வேலை செய்யும்: தாய் எச்டிடிபிஎஸ், சப்மாட்யூல் எஸ்எஸ்எச் என்றால் டோக்கனை எஸ்எஸ்எச்சிடம் காட்ட வழியில்லை. கிட்மாட்யூல்ஸ் கோப்பில் சார்பு முகவரிகளை எழுதினால் இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும். டிப்ளாய் கீ பயன்படுத்துகிறீர்கள் என்றால் கேள்வி 12ஐப் பாருங்கள். அந்தச் சாவிக்கு இரண்டாவது ரெப்போவில் இடமே இல்லை.

17. பிழையே வருவதில்லை. பில்டு பத்து நிமிடம் அப்படியே தொங்கிவிட்டு நின்றுபோகிறது.

அந்தப் பத்து நிமிடம் கிட் பிளகினின் இயல்பான காலக்கெடு. அதை முப்பதாக உயர்த்தினால், உண்மையிலேயே பெரிய ரெப்போவாக இருந்தாலொழிய, முப்பது நிமிடம் தொங்கும். எதற்கோ யாரிடமோ பதில் கேட்டுக் காத்திருக்கிறது என்று எண்ணித் தொடங்குங்கள். விண்டோஸ் ஏஜென்ட்டில் கிட் கிரெடென்ஷியல் மேனேஜர் நிறுவப்பட்டிருந்தால், அது யார் கண்ணிலும் படாத ஒரு ஜன்னலைத் திறந்து பதிலுக்காகக் காத்திருக்கக்கூடும். சர்வீஸ் கணக்குக்குத் திரை கிடையாது. அந்த ஏஜென்ட்டில் அதை நீக்கிவிடுவதே எளிது.

22ஆம் போர்ட்டில் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் கைவிடும் ஃபயர்வாலும் இதே தோற்றத்தைத் தரும். கிட்ஹப்புக்கு எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம் என்ற பெயரில் 443ஆம் போர்ட் வழியாகவும் எஸ்எஸ்எச் இணைப்பு கிடைக்கும்.

18. எங்கள் சொந்த கிட் சர்வருக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் பிழை வருகிறது. சரிபார்ப்பை அணைத்துவிடலாமா?

வேண்டாம். அணைத்துவிட்டால், சர்வர்போல் நடிக்கும் எவரிடமும் உங்கள் டோக்கனை ஜென்கின்ஸ் ஒப்படைத்துவிடும். நிறுவனத்தின் மூலச் சான்றிதழை நம்பகப் பட்டியலில் சேர்ப்பதே வழி. அதை இரண்டு இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிட் கட்டளை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பட்டியலையோ தன் சொந்த அமைப்பையோ பார்க்கிறது. கிளைகளைத் தேடும் பிளகின்கள் ஜாவாவுக்குள் ஓடுவதால் ஜாவாவின் ‘சிஏசெர்ட்ஸ்’ கிடங்கைப் பார்க்கின்றன. ஒன்றில் மட்டும் சேர்த்தால், ஸ்கேன் வெற்றி செக்கவுட் தோல்வி என்றோ, அதற்கு நேர்மாறாகவோ வரும்.

19. கிட்ஹப் ஆப் வழிக்கு மாறினோம். சாவியை ஒட்டினால் ஜென்கின்ஸ் ஏற்கவில்லை. ஏற்றபின் நீண்ட பில்டுகள் கடைசியில் தோற்கின்றன.

கிட்ஹப் ஆப் என்பது தனிநபர் கணக்குக்குப் பதிலாக ஜென்கின்ஸுக்கென்று கிட்ஹப்பில் பதிவுசெய்யும் அடையாளம். நீங்கள் சொல்பவை இரண்டு சிக்கல்கள். கிட்ஹப் இறக்கித் தரும் தனிச்சாவியை பிகேசிஎஸ்8 வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஜென்கின்ஸில் ஒட்ட வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளை ஒன்றே போதும். இரண்டாவது, ஆப் தரும் டோக்கன் 1 மணி நேரமே செல்லும். பைப்லைனின் தொடக்கத்தில் அதை ஒரு மாறியில் எடுத்துவைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரச் சோதனைகளுக்குப் பிறகு புஷ் செய்தால் அது செத்த டோக்கன். புஷ் செய்யும் படியைச் சுற்றி மட்டும் கேள்வி 15இல் சொன்ன பைண்டிங்கை வைத்தால், அந்த நேரத்தில் செல்லுபடியாகும் டோக்கன் கிடைக்கும்.

20. ஜென்கின்ஸைப் புதுச் சர்வருக்கு மாற்றினோம். கிரெடென்ஷியல்கள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன, ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

கிரெடென்ஷியல்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும் நகலெடுத்திருப்பீர்கள். அதிலுள்ள ரகசியங்கள் ‘சீக்ரெட்ஸ்’ அடைவில் உள்ள மாஸ்டர் கீயையும் உடன் உள்ள கோப்புகளையும் கொண்டு மறைகுறியாக்கப்பட்டவை. பெயர்கள் தெரியும், உள்ளடக்கம் திறக்காது. பழைய சர்வர் இன்னும் இருந்தால் அந்த அடைவையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் புதிதாகத்தான் உள்ளிட வேண்டும்.

21. ‘டூபியஸ் ஓனர்ஷிப்’ என்று ஒரு பிழை. இதுவும் கிரெடென்ஷியல் சிக்கலா?

இல்லை. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல், வேறொரு பயனருக்குச் சொந்தமான அடைவில் உள்ள ரெப்போவில் வேலை செய்ய கிட் மறுக்கிறது. வொர்க்ஸ்பேஸை ஒரு பயனர் உருவாக்கி, கன்டெய்னருக்குள் ரூட்டாக கிட்டை ஓட்டினால் இது வரும். இரண்டையும் ஒரே பயனர் எண்ணில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் அந்த ஓர் அடைவை மட்டும் ‘சேஃப் டைரக்டரி’ அமைப்பில் சேருங்கள்.

22. மேலே உள்ள எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இன்னும் தோற்கிறது. அடுத்து என்ன?

இனி ஊகிக்காமல் கிட்டையே பேசவைக்க வேண்டும். கிட் ட்ரேஸ் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்து ஜாப்பை ஓட்டினால், உள்ளே எந்தக் கட்டளைகள் ஓடுகின்றன என்பது தெரியும். எச்டிடிபிஎஸ் என்றால் கிட் கர்ல் வெர்போஸ் மாறி, சர்வர் தந்த பதில் எண்ணைக் காட்டும். 401 என்றால் நீங்கள் யாரென்று அதற்குத் தெரியவில்லை. 403 என்றால் பெரும்பாலும் தெரிந்தும் அனுமதி இல்லை. 407 என்றால் மறுப்பது கிட் சர்வரே இல்லை, இடையில் உள்ள ப்ராக்ஸி. எஸ்எஸ்எச் என்றால் மூன்று ‘வி’ விருப்பத்தோடு ஏஜென்ட்டிலிருந்தே இணைத்து, ‘ஆஃபரிங் பப்ளிக் கீ’ என்ற வரியில் எந்தச் சாவி நீட்டப்படுகிறது, அடுத்த வரியில் அது ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். அந்த வரியில் உள்ள கைரேகையை கிட் சேவையின் அமைப்புப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால், சரியான சாவிதானா என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அண்மைக்கால கிட் பதிப்புகள் இந்தப் பதிவுகளில் ஆதரைசேஷன் தலைப்பை மறைத்துவிடுகின்றன. பழையவை மறைப்பதில்லை, முகவரிக்குள் எழுதப்பட்ட டோக்கன்களும் தப்பிவிடக்கூடும். ஆகவே பதிவை மற்றவருக்கு அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். டோக்கன் தெரிந்தால் அந்த வரியை அழிப்பதோடு நிற்காமல் டோக்கனையே ரத்துசெய்துவிட்டுப் புதியதை இடுங்கள். பழைய பில்டின் கன்சோல் பதிவு ஜென்கின்ஸில் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் அந்த மாறிகளை ஜாப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.